அடிவயிற்றில் ஒரு 'டங்'

கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சத்தங்கள் ஆகாது. ஒன்று, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பஸ்ஸின் ஏர் ஹாரன். இன்னொன்று, வண்டிக்கு அடியிலிருந்து வரும் 'டங்'. முதலாவதற்கு டிரைவரைத் திட்டிவிட்டு மறந்துவிடலாம். இரண்டாவதற்கு என்ன செய்வோம்? பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்போம். நான் அதைத்தான் செய்தேன்.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்பகோணத்திலிருந்து சென்னை திரும்பிக் கொண்டிருந்தோம். நான், மனைவி, பையன், பெண், முன் சீட்டில் மாமனார். அவருக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு சென்னையில் கண்புரை ஆபரேஷன். பண்ருட்டி வந்ததும் மனைவி, "ஏங்க, இந்த வழியா வந்துட்டு பலாப்பழம் வாங்காமப் போனா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்றாள். ஒன்று வாங்க இறங்கி மூன்று வாங்கினோம். மூன்றையும் டிக்கியில் ஏற்றியதும், என் செகண்ட்ஹாண்ட் சின்னக் கார் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. பார்த்தேன். சிரித்தேன். கிளப்பினேன்.

ஊர் தாண்டியதும் ஒரு வேகத்தடை. வெள்ளைக் கோடு கிடையாது, போர்டு கிடையாது. கடைசி நொடியில் பார்த்து, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். 

டங்!

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்லை. கல்லு."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கல் இல்லை என்று எனக்குத் தெரியும். நிறுத்திப் பார்த்தால் ஏதாவது இருக்கும். பார்க்காவிட்டால் சென்னை வரை அது கல்தான். ஆபரேஷனுக்கு நாள் குறித்து ஒன்றரை மாதம் காத்திருந்தோம். தவிர, மாமனார் முன்னால் தரையில் படுத்து காருக்கு அடியில் எட்டிப் பார்ப்பதா? மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? கல்யாணமாகி பதினாறு வருஷம் ஆகியும் அது நமுத்துப் போகவில்லை.

ரெண்டு கிலோமீட்டர் போயிருப்போம். மாமனார் மூக்கை உறிஞ்சினார். 

"மாப்ள, எண்ணெய் கருகற வாடை வருதே."

"வெளியில யாரோ வடை சுடறாங்க மாமா."

"வடைக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். ஓரமா நிறுத்துங்க."

அவர் முப்பது வருஷம் ரைஸ் மில்லில் எஞ்சின் பார்த்தவர். கண் மங்கலே தவிர மூக்கு மங்கவில்லை. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்தால், முன்பக்கம் இடது ஓரத்தில் சொட்டு சொட்டாகத் தண்ணீர். 

"ஏசி தண்ணி மாமா!" என்று வெற்றிக் குரலில் அறிவித்தேன். ஏசி ஓடினால் அது சொட்டத்தான் செய்யும், தப்பே இல்லை. 

அவர் விடவில்லை. டீக்கடையில் பழைய தினசரி ஒன்றை வாங்கி எஞ்சினுக்கு நேர் கீழே விரிக்கச் சொன்னார். எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடித்தோம். டீ முடிந்து பேப்பரை உருவினால், தலையங்கத்தின் மேல் எட்டணா அகலத்தில் கறுப்பாக ஏழெட்டு வட்டங்கள். ஒன்றைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். இது வழுக்கியது. பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கீழ்க் கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ஆயில் லைட் எரியலையே மாமா?" என்றேன், கடைசி முயற்சியாக. 

டாஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி சிவப்பாக ஒன்று இருக்குமே, அது. அந்த விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. பம்ப்புக்கு உறிஞ்ச ஆயில் கிடைக்காமல் அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அப்போது எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் தடவை சுற்றிக் கொண்டிருக்கும். அதற்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம். அது போனால் இரும்பும் இரும்பும் நேரடியாகக் கைகுலுக்கும். சாதாரண அலாவுதீன் விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும். இதை அலட்சியம் செய்தால் பில் வரும்.

மனைவி, குழந்தைகள், மாமனார் நால்வரையும் விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினேன். அங்கிருந்து சென்னைக்கு ராத்திரியெல்லாம் பஸ் உண்டு. பலாப்பழங்களை பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் சம்மதிக்கவில்லை. ஆக நான், கார், மூன்று பழங்கள். டீக்கடைக்காரர் போன் போட, டிவிஎஸ் 50-யில் ஒரு மெக்கானிக் வந்தார். "ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. ஒரு லோடு ஆட்டோவில் கயிறு கட்டி, அவருடைய ஷெட்டுக்கு இழுத்துப் போனோம்.

அங்கே தரையில் ஆள் இறங்கி நிற்கிற பள்ளம். என்னையும் இறங்கச் சொன்னார். பத்து வருஷமாக நான் மேலே உட்கார்ந்து ஓட்டிய வண்டியை முதல் தடவையாகக் கீழேயிருந்து பார்த்தேன். காரின் மேல்பக்கம் கல்யாண மண்டபம் என்றால், அடிப்பக்கம் சமையற்கட்டு. எல்லா உயிர்நாடியும் அங்கேதான் ஓடுகிறது. மெக்கானிக் டார்ச்சால் ஒவ்வொன்றாகக் காட்டினார். எஞ்சினுக்கு அடியில் தகரத் தொட்டி மாதிரி தொங்குவது ஆயில் சேம்பர். என் வண்டியில் அதில் ஒரு நெளிசல், நெளிசலின் ஓரத்தில் மயிரிழை விரிசல். அதிலிருந்து வழிந்த ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பட்டதுதான் 'வடை' வாசனை. 

"ஒழுகினதே உங்க அதிர்ஷ்டம் சார்" என்றார். சில வண்டிகளில் சேம்பர் உடையாது, உள்பக்கமாக நெளியும். பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற வலைமூடி சேம்பரின் அடியை ஒட்டித்தான் இருக்கிறது. நெளிந்த தகரம் போய் அதன் வாயை அடைத்துவிடும். ஒரு சொட்டுகூடக் கீழே விழாது; ஆயில் குச்சியும் சரியாகவே காட்டும். ஆனால் எஞ்சின் பட்டினி. அதனால் ஒழுகவில்லையே என்று சந்தோஷப்படாமல், சேம்பரில் நெளிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம்.

அப்புறம், தரையை ஒட்டி முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய குழாய்கள். ஒன்றில் பெட்ரோல், மற்றதில் பிரேக் ஆயில். பெட்ரோலை மூக்கே சொல்லிவிடும்; அப்போது எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லாரையும் இறக்கிவிட்டு, பக்கத்தில் பீடி பிடிப்பவரை அனுப்பிவிட வேண்டியதுதான். பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும், கண்ணில் படுவது கஷ்டம். அதற்காகக் கிளம்புமுன் பிரேக்கை நாலு தரம் மிதித்துப் பார்க்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. பச்சையாகவோ ரோஸாகவோ சொட்டினால் ரேடியேட்டர் தண்ணீர். கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சைலன்சர் பிடிப்பு கழன்றிருக்கும். இருப்பதில் மலிவான வியாதி அதுதான். 

எதைப் பார்ப்பதானாலும் ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஜாக்கி டயர் மாற்றுவதற்கு. நம் தலையைத் தாங்குவதற்கு இல்லை. செல்போனில் வீடியோவை ஓடவிட்டுக் கையை மட்டும் நீட்டினால் போதும். எலெக்ட்ரிக் கார்க்காரர்கள் நமக்கு ஆயிலே கிடையாதே என்று சிரிக்க வேண்டாம். உங்களுக்கு பாட்டரியே அடியில்தான் இருக்கிறது. பலமாக அடிபட்டால் சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டு சார்ஜ் போடுங்கள்.

ராத்திரி ஷெட்டில் தூக்கம் வராமல் அந்த வேகத்தடையைப் பற்றியே யோசித்துக் கொண்டிருந்தேன். கொஞ்சம் மெதுவாக ஏறி இறங்கும்படி அதை நீளமாக வடிவமைத்தவர்களில் ஒருவர் ஆர்தர் காம்ப்டன், 1927-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். தான் தலைமை வகித்த வாஷிங்டன் யுனிவர்சிடி வளாகத்தில் கார்கள் பறப்பது பொறுக்காமல் 1953-ல் செய்தார். நம் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட விதிப்படி, வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். சின்னக் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 2.4 மீட்டர்தான். விதிப்படி போட்டால் முழுக் காரும் மேடேறி இறங்கும், வயிறு தட்டாது. நம் ஊர்களில் ஒரு முழ அகலத்துக்கு வரப்பு மாதிரி கட்டிவிடுகிறோம். முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், நடுவில் வயிறு. காலி வண்டிக்கு 16 சென்டிமீட்டர் இடைவெளி என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஐந்து பேரும் மூன்று பலாவும் ஏறினால் அது எவ்வளவு ஆகும் என்று கம்பெனிக்காரன் எழுதவில்லை. போதாக்குறைக்கு, பிரேக்கை அமுக்கியபடியே ஏறினால் வண்டி மூக்கைக் குத்திக் கொண்டு இன்னும் தாழும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏறும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். நான் நேர் எதிராகச் செய்தேன்.

திங்கட்கிழமை பகலில் விழுப்புரத்திலிருந்து புது சேம்பர் வந்தது. பொருள், கூலி, ஆயில் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பலாப்பழத்தை மெக்கானிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஆபீஸில், இன்ஷூரன்ஸ் விவகாரம் தெரிந்த நண்பர் என் வயிற்றில் இன்னும் கொஞ்சம் புளியைக் கரைத்தார். சேம்பர் உடைந்ததற்கு கம்பெனி பணம் தரும். ஒழுகுவது தெரிந்தும் ஓட்டி எஞ்சின் இறுகிப் போனால், அது விபத்து இல்லை, விபத்தின் பின்விளைவு. தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திராவிட்டால் கையை விரித்துவிடுவார்களாம். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதாவது, மாமனாரின் மூக்கு இல்லாவிட்டால் மொத்த எஞ்சினும் என் கணக்கில்.

ஆபரேஷன் நேரத்துக்கு நடந்தது. ஒரு மாதம் கழித்து, புதுக் கண்ணோடு மாமனார் போர்ட்டிகோவில் காரைச் சுற்றி வந்தார். நானே பெருமையாக, "இப்ப எல்லாம் சரியாயிடுச்சு மாமா" என்றேன். 

பின் பம்ப்பருக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். 

"மாப்ள, கேட் தூணோட மஞ்ச பெயிண்ட் இங்கே ஒட்டியிருக்கே, இது எப்ப?"

வீட்டுக்குள்ளிருந்து மனைவி, "எந்தத் தூண்?" என்றாள்.