எறும்பின் சாட்சியம்

சோம்பேறியை எறும்பினிடம் அனுப்பினான் சாலொமோன் ஞானி. அன்று முதல் உழைப்பின் பெருமையைப் பேச எழுவோர் பலரும் எறும்பையே சாட்சிக்கு அழைத்து வருகின்றனர். ‘பிறர் துணையின்றி என் முயற்சியாலேயே உயர்ந்தேன்’ என்று மார்தட்டுவோரும் அதே சாட்சியைக் கூண்டில் நிறுத்துகின்றனர். அச்சாட்சி அவர்கள் பக்கம் பேசாது என்பதே என் கருத்து.

நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இலைவெட்டி எறும்புகள் உண்டு. அவை சாரிசாரியாக மரமேறி, இலைகளை நறுக்கித் தலைக்குமேல் ஏந்திப் புற்றினுள் கொண்டு செல்லும். எதன்பொருட்டு? அமேசான் நாட்டில் ஆராய்ந்த ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்பார், புற்றின் மேல் கூரை வேய்வதற்கே என 1863-இல் எழுதினார். நிக்கராகுவாவில் இருந்த தாமஸ் பெல்ட் என்பாரோ புற்றைத் தோண்டிப் பார்த்தார். உள்ளே மக்கிய இலைத்துகளின்மேல் வெண்ணிறப் பூசணம் படர்ந்திருந்தது. எறும்புகள் இலையை உண்பனவல்ல. அதனை எருவாக்கிப் பூசணம் பயிரிட்டு உண்பன என்று அவர் 1874-இல் வெளியிட்டார். 1893-இல் பிரேசிலில் ஆராய்ந்த ஆல்பிரட் மொல்லர் என்பார் அதனை நிலைநாட்டினார்.

இவ்வேளாண்மையின் திறத்தை என்னென்பது! எறும்புகள் இலையை மென்று பதப்படுத்துகின்றன. தம் கழிவையே உரமாக இடுகின்றன. களையாய் முளைக்கும் அயற்பூசணங்களைப் பிடுங்கி எறிகின்றன. பயிரை அழிக்கும் கொடிய பூசணம் ஒன்றை அடக்கும் மருந்தை, எறும்பின் உடலில் வாழும் நுண்ணுயிர்களே சுரக்கின்றன என்பது 1999-இல் வெளியாயிற்று. பூசணமும் கைம்மாறு மறப்பதில்லை. சத்து நிறைந்த சிறு குமிழ்களை ஈன்று எறும்பின் குஞ்சுகளை ஊட்டி வளர்க்கின்றது. இளைய அரசி தாய்ப்புற்றை விட்டுப் பறக்கும்போது, பூசணத்தின் சிறு உருண்டையை வாயில் அடக்கிச் செல்கின்றது. அவ்வித்துப் பட்டுப்போயின் புதுக்குடியும் அழியும். உடலுக்கு இன்றியமையாத ஆர்ஜினின் என்னும் சத்தைத் தாமே ஆக்கும் ஆற்றலையும் இவ்வெறும்புகள் இழந்துவிட்டன. பயிரே அதனை அளிக்கின்றது. எறும்பின் உழவு ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகட்கு முன் தொடங்கியது என்பது 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சியின் முடிவு.

இனி, இவற்றுள் எசமான் யார், அடிமை யார்? இக்கேள்விக்கே அங்கு இடமில்லை. ‘பழத்தோட்டங்களை மொட்டையடிக்கும் எறும்பினிடம் அறம் கற்பதா?’ என ஒருவர் வினவலாம். நன்று; எறும்பை அறவோர் என்று யான் கூறவில்லை. அதனைப் பொய்ச்சாட்சி ஆக்கலாகாது என்றே கூறுகின்றேன். அதன் உழைப்பு மெய்யே. ஆயினும் அவ்வுழைப்பைத் தாங்கி நிற்பது, இருளிலே வளரும் மற்றோர் உயிர்.

மாணவ நண்பர்காள்! நாம் பெறும் பட்டமும் பரிசும் வெளியே தெரியும் இலைகள். நகையை அடகு வைத்த அன்னையும், விடியுமுன் விடுதி அடுப்பை மூட்டிய சமையற்காரரும், தம் நூல்களைத் தந்து சென்ற மூத்த மாணவரும் புற்றினுள் இருப்பவர். ‘என் முயற்சி’ என்று மேடையேறிப் பேசுமுன், பெல்ட் செய்தது போல நாமும் சற்றுத் தோண்டிப் பார்ப்போமாக.