வேனுக்கு ஸ்பிரிங் நாமே செய்யலாமா?

பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது உடைந்தாலும், "கடையில் வாங்குவானேன்? நாமே செய்து போட்டால் போயிற்று" என்பார்கள்.

இது நல்ல பழக்கமா? கெட்ட பழக்கமா?

நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல!

"ஆம்னி" வேனைத் தெரியாதவர்கள் இல்லை. 1984-ம் ஆண்டில் மாருதி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அப்போது அதன் பெயர் மாருதி வேன். பிறகுதான் ஆம்னி ஆயிற்று. 2019-ம் ஆண்டில் அதன் தயாரிப்பு நின்று விட்டது.

தயாரிப்புதான் நின்றது. வேன் நிற்கவில்லை. பூ ஏற்றுகிறது. காய்கறி ஏற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையும் ஏற்றுகிறது.

வண்டிக்கு வயதானால் உதிரி பாகங்கள் கேட்டவுடன் கிடைப்பதில்லை. அது வரும் வரை வேன் சும்மா நின்றால் பிழைப்பு என்ன ஆவது? அதனால் லேத் பட்டறையைத் தேடிப் போகிறார்கள். அதில் தப்பு இல்லை. எதைச் செய்யச் சொல்லுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாமாவின் வேன்

என் தாய் மாமாவிடம் ஓர் ஆம்னி இருந்தது. ஒரு நாள் பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை ஒடிந்தது. மாமா அதைக் கழற்றினார். வெல்டிங் வைத்து ஒட்டினார். திரும்ப மாட்டினார்.

"பார்த்தாயா? ஒரே நாளில் வேலை முடிந்தது. செலவும் இல்லை" என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். மாமா, அத்தை, நான், இரண்டு குழந்தைகள். ஒரு சிறு பாலத்தின் மேட்டில் வேன் ஏறி இறங்கியது. "படார்" என்று ஒரு சத்தம்! வேன் ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டு ஓடியது. மாமா பிரேக்கை மிதித்தார். ஒரு புளிய மரத்துக்கு நாலடி முன்னால் வேன் நின்றது.

யாருக்கும் காயம் இல்லை. வேகமாக வந்திருந்தால்?

மாமா குனிந்து அடியில் பார்த்தார். ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பட்டை புதிதாக ஒடிந்திருந்தது!

அத்தை கேட்டார்: "என் தையல் மிஷின் பெல்ட் அறுந்தால் தையல்தான் நிற்கும். கயிறு கட்டிக் கூட ஓட்டுவேன். இது ஒடிந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்தீர்களா?"

மாமா பதில் சொல்லவில்லை. ஆனால் அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி.

ஏன் ஒடிந்தது?

ஆம்னியின் பின்பக்கத்தில், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்றாக இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் உண்டு. நீளமான எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பெரிய பட்டைக்கு "மெயின் பட்டை" என்று பெயர். அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையத்தைக் "கண்" என்பார்கள்.

பட்டைக்கு வேலை பாரம் தாங்குவது மட்டும் அல்ல. பின் அச்சை நேராகப் பிடித்துக் கொண்டிருப்பதும் அதுதான். சக்கரம் வேனைத் தள்ளும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், அந்த விசை முன் கண் வழியாகத்தான் போகிறது. மெயின் பட்டை ஒடிந்தால் அச்சு கோணிக் கொள்ளும். சக்கரம் தன் வழியில் போகும். ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது!

சரி. ஒட்டினால் ஏன் நிற்பதில்லை?

ஸ்பிரிங் எஃகு சாதாரண இரும்பு அல்ல. அதைச் சுமார் 850 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சுகிறார்கள். உடனே எண்ணெயில் முக்குகிறார்கள். அப்போது அது மிகவும் கடினமாகி விடும். ஓங்கித் தட்டினால் உடையும். அதனால் மறுபடியும் 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அப்போதுதான் வளைந்து நிமிரும் பதம் வருகிறது.

அதிரசத்துக்குப் பாகு வைப்பவர்களுக்கு இது புரியும். பதம் தவறினால் எல்லாம் வீண்! வெல்டிங் சூடு பட்டதும் எஃகின் பதம் கெட்டு விடுகிறது. ஒட்டிய இடத்தின் பக்கம் முறுக்கு மாதிரி ஆகிறது. குலுக்கல் தாங்காமல் ஒடிகிறது.

எதைச் செய்யலாம்?

அத்தையின் கேள்வியையே கேளுங்கள். "இது உடைந்தால் என்ன ஆகும்?"

"சத்தம் கேட்கும், குலுங்கும்" என்பது பதிலானால், அதை நாமே செய்யலாம்.

"சக்கரம் விலகும்" என்பது பதிலானால், செய்யவே கூடாது!

பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் "புஷ்" ரப்பரால் ஆனது. அது தேய்ந்தால் லேத்தில் நைலான் புஷ் கடைந்து போடலாம். அது நன்றாக உழைக்கும். ஆனால் ரோட்டின் அதிர்ச்சி கொஞ்சம் கூடத் தெரியும். பழைய புஷ்ஷை மட்டும் அளக்காதீர்கள். அது தேய்ந்து போனது! பட்டையின் கண்ணையும் போல்ட்டையும் அளந்து கொடுங்கள்.

ரப்பர் புஷ்ஷே போடுகிறீர்களா? வேன் நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். தூக்கி வைத்து முடுக்கினால் ரப்பர் முறுக்கிக் கொண்டு சீக்கிரம் கிழியும்.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பையும், நடுவில் வைக்கும் ரப்பர் துண்டையும் கூட நாமே செய்யலாம்.

மெயின் பட்டை, முன் சக்கரத்து லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் கம்பி இவற்றைத் தொடக் கூடாது. சாதாரணக் கம்பியை வளைத்து "யு போல்ட்" செய்வதும் தப்பு. அது நீண்டு தளர்ந்து விடும்.

"புதுப் பட்டை வாங்கப் பணம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காயலான் கடையில் விரிசல் இல்லாத பழைய பட்டையைத் தேடி எடுங்கள். அது புதியதுக்கு ஈடாகாது. ஆனால் ஒட்டிய பட்டையை விட எவ்வளவோ மேல்.

வீட்டிலேயே பாருங்கள்

மாதம் ஒரு முறை காலி வேனைச் சமதரையில் நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பட்டையைக் கவனிக்க வேண்டும். பட்டையைத் துடைத்து விட்டுப் பாருங்கள். மயிரிழை போல் விரிசல் தெரிந்தால் வேனை ஓட்டாதீர்கள்.

வெறும் ஜாக்கியை நம்பி வேனுக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல் நொறுங்கும்!

சொந்த வண்டிக்கு 15 ஆண்டு ஆனால் மறுபதிவு செய்ய வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதிகாரி பார்ப்பது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் நாம்தான் பார்க்க வேண்டும்.

மாமா இப்போது புஷ்ஷை மட்டும் பட்டறையில் கடைந்து வாங்குகிறார். பட்டை கேட்டால் அந்தப் பட்டறைக்காரர், "அதை நான் செய்ய மாட்டேன். வாங்கிப் போடுங்கள்" என்று சொல்லி விடுகிறார்.

அப்படிச் சொல்லுகிற பட்டறைக்காரர் உங்கள் ஊரில் இருந்தால், அவரை விட்டு விடாதீர்கள்!