காவல் வேலை மட்டும்தானா?

சித்தூரிலும் திருப்பதியிலும் வங்கி வாசல், ஏ.டி.எம். அறை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எங்கு பார்த்தாலும் சீருடை அணிந்த காவல்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் நாட்டின் எல்லையில் நின்றவர்கள். காவல் வேலை இழிவான வேலை அல்ல. உழைத்துச் சாப்பிடுவதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் முப்பது பேரை வைத்து வேலை வாங்கிய ஹவில்தாரும், பனிமலைப் பாதையில் கனரக வண்டி ஓட்டிய டிரைவரும், தளவாடங்களுக்குப் பைசா பிசகாமல் கணக்கு வைத்த ஸ்டோர் கீப்பரும் கடைசியில் வந்து சேருமிடம் ஒரு நாற்காலியும் ஒரு தடியும்தான் என்றால், ஏதோ ஓரிடத்தில் கோளாறு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

முப்படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் வெளியே வருகிறார்கள். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சிப்பாய்களில் பெரும்பாலோர் நாற்பது வயதையொட்டி அனுப்பப்படுகிறார்கள். மற்ற உத்தியோகங்களில் ஒருவர் நிமிர்ந்து நிற்கத் தொடங்கும் வயது அது. பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கடன் பாதிகூட அடைபட்டிருக்காது. 15 ஆண்டு பணி முடித்தவருக்குப் பென்ஷன் உண்டு என்றாலும், அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் கரையேறுவது கடினம்.

இந்தப் பகுதித் தமிழர்களுக்கு இது புதிய விஷயமல்ல. சித்தூர் தனி ஜில்லாவாக அமைந்தது 1911இல். அதுவரை இதன் பெரும் பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. படையில் சேர்வது அந்த மண்ணின் வழக்கம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அரிது. அந்தப் பக்கத்தில் பிறந்து, படையில் உழைத்து, பெண் எடுத்த இடம் என்றோ பிள்ளைகளின் படிப்புக்கு என்றோ சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறியவர்கள் உண்டு. அவர்களுக்கு இரட்டைச் சிரமம்: படையை விட்ட பின் ஏற்படும் திகைப்பு ஒன்று, அயல் மாநிலத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்ற தயக்கம் மற்றொன்று.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பதவிகளில் முன்னாள் ராணுவத்தினருக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பொதுத்துறை நிறுவனங்களிலும் தேசிய வங்கிகளிலும் அதே பிரிவில் 14.5 சதவீதம், இதில் 4.5 சதவீதம் போரில் ஊனமுற்றோருக்கும், போரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தாருக்கும் உரியது. வயது கடந்துவிட்டது என்று அஞ்சவும் வேண்டியதில்லை. படையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துவிட்டு, அதற்கு மேலும் 3 ஆண்டு சலுகை தரப்படுகிறது. பட்டம் இல்லையே என்ற கவலைக்கும் பரிகாரம் உண்டு. மெட்ரிகுலேஷன் தேறி 15 ஆண்டு பணி செய்தவர், தொழில்நுட்பத் தகுதி கேட்காத ‘சி’ பிரிவுப் பதவிகளுக்குப் பட்டதாரியாகவே கருதப்படுகிறார். வங்கிக் கிளார்க் தேர்விலும் இந்த வசதி உண்டு.

இவ்வளவு இருந்தும் ஒதுக்கிய இடங்கள் முழுவதும் நிரம்புவதில்லை. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்பது நிர்வாகங்களின் பதில். விளம்பரம் வந்ததே தெரியவில்லை என்பது சிப்பாய்களின் பதில். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அதிகாரிகளின் பங்கை அரசு கேட்டுத் திருத்தட்டும். ஆனால் வேலை தேடுவோர் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பதிவு. ஊர் மாறியவர்களில் பலர் தங்கள் பதிவை வேலூரிலோ திருவள்ளூரிலோ விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மத்திய அரசு, ரயில்வே, வங்கி ஒதுக்கீடுகளுக்கு எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி இல்லை. மாநில அரசின் வேலைகளுக்கும் நலத் திட்டங்களுக்கும் அப்படியல்ல. அங்கே குடியிருப்பு பார்க்கப்படுகிறது. ஆகவே இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் பழைய அலுவலகத்திலிருந்து பதிவை மாற்றிக்கொண்டு, சித்தூரிலுள்ள ஜில்லா சைனிக் நல அலுவலகத்தை அணுக வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், அங்கே வசிப்போர் தங்கள் பதிவு இப்போது எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நலம்.

இரண்டாவது, மொழி. வங்கிக் கிளார்க் வேலைக்கு எந்த மாநிலத்தின் காலியிடத்துக்கு மனுச் செய்கிறோமோ, அந்த மாநில மொழியை எழுதவும் படிக்கவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். இருபது ஆண்டு வடக்கே இருந்தவருக்கு இந்தி தடையின்றி வரும். தெலுங்கு எழுத்து வராது. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பள்ளிப் பையனே போதிய ஆசிரியர். அதுவும் முடியாதவர்கள் தமிழ்நாட்டுக் காலியிடங்களுக்கு மனுச் செய்யலாம்.

மூன்றாவது, அவசரம் கூடாது. ஒதுக்கீட்டின் பேரில் ஒரு நிரந்தர அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். இதற்கு 2014 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு வழி செய்தது. முதல் வேலையில் சேரும் முன்பே வேறு பதவிகளுக்கு மனுச் செய்திருந்தால், சேர்ந்த உடனே அந்த மனுக்களின் விவரத்தைத் தேதிவாரியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவற்றுக்குச் சலுகை நீடிக்கும். இதை அறியாமல் சிறிய பதவியில் சேர்ந்துவிட்டுப் பெரிய பதவியை இழப்பது வீண் நஷ்டம்.

நான்காவது, செய்த தொழிலைச் சொல்லத் தெரிய வேண்டும். மனுவில் “ராணுவத்தில் 17 ஆண்டு சேவை” என்று மட்டும் எழுதினால், படிக்கும் மானேஜருக்குத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். காவல் வேலைதான் கொடுப்பார். என்ன இயந்திரம் பழுது பார்த்தார், எத்தனை வண்டிகளைப் பராமரித்தார், எத்தனை பேருக்கு மேற்பார்வை செய்தார் என்று எழுத வேண்டும். சிக்னல் பிரிவில் இருந்தவர் தொலைத்தொடர்புக்கு ஏற்றவர். நர்சிங் அசிஸ்டென்டுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜெனரேட்டர் பார்த்தவரும் மெக்கானிக்கும் சித்தூரின் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளுக்கும், கரகம்பாடி பாட்டரித் தொழிற்சாலைக்கும், ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கும் பயன்படக்கூடியவர்கள். படையில் பெற்ற தொழிற்சான்று சிவில் துறையில் எதற்கு இணையானது என்பதையும், சிவில் டிரைவிங் லைசென்ஸ் போன்றவற்றையும் வெளியே வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் ஓய்வுபெறும் தறுவாயில் நடத்தும் பயிற்சிகளை, லீவு போலக் கழிக்காமல் தொழிலாகக் கற்பது மிக அவசியம்.

கையில் வரும் மொத்தப் பணத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவனும், மாதம் ஐந்து வட்டி என்று ஆசை காட்டுபவனும் முதலில் தேடி வருவது ஓய்வுபெற்ற சிப்பாயின் வீட்டைத்தான். அரசு வேலை எதுவும் தரகர் மூலம் வருவதில்லை. முதல் ஓராண்டு அந்தப் பணத்தில் கை வைக்காதிருப்பதே பாதுகாப்பு.

இனி இந்தப் பிரச்னை பெருகத்தான் போகிறது. 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நான்காண்டு முடிவில் 25 சதவீதம் வரைதான் படையில் நீடிப்பார்கள். மற்றவர்கள் சேவா நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன், பென்ஷன் இல்லாமல், இருபத்தைந்து வயதையொட்டி வீடு திரும்புவார்கள். மூத்தவர்களுக்கே வழி தெரியாத சந்தையில் இந்த இளைஞர்களும் வந்து நிற்கும்போது, காவல் வேலைக்கும் போட்டி வந்துவிடும்.

ரயில்வேயிலும் தபாலிலும் வங்கியிலும் ஆலைகளிலும் குமாஸ்தாக்களாகவும் தொழிலாளராகவும் இருக்கும் தமிழர்கள் இதில் பெரிய உதவி செய்யலாம். பணம் கொடுக்க வேண்டியதில்லை. காலியிட அறிவிப்பு வந்தால் சொல்லலாம். மனுவை ஒழுங்காக எழுதிக் கொடுக்கலாம். தெலுங்குப் படிவத்தைப் படித்து விளக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கினால், இந்த ஊர்களில் பலரின் பிழைப்பு மாறும்.

சிப்பாய்க்குக் குடியரசு தினத்தன்று கைதட்டுவது சுலபம். மற்ற நாட்களில் அவருக்கு வேண்டியது கைதட்டல் அல்ல. கற்ற தொழிலுக்கேற்ற ஒரு வேலை. அதற்கான விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை அவர் கையில் கொண்டு சேர்ப்பதுதான் பாக்கி.