திறந்தாலும் அடி, மூடினாலும் அடி! தூங்குகிற சார்க்கை உலுக்கி எழுப்புவோம்!

 

சார்க் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு. 1985 டிசம்பரில் டாக்காவில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய ஏழு நாடுகள் சேர்ந்து தொடங்கியது. 2007-ல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து எட்டு ஆச்சு.

"கோட்டு சூட்டுப் போட்டவங்க கைகுலுக்கிற சமாச்சாரம், வரப்புல நிக்கிற நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்குத்தான் எல்லாமே! மிளகு விலை சரிவதும், வெங்காயம் பட்டறையில் அழுகுவதும், பக்கத்து நாட்டு விவசாயி உரமில்லாமல் நடுத்தெருவில் நிற்பதும் இந்தத் தலைநகரங்களில் எடுக்கிற முடிவால்தான்.

மூடினால் என்ன நடக்கிறது?

2019 செப்டம்பர் கடைசியில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் திடீர்த் தடை போட்டது. வங்கதேசத்தில் விலை எகிறியது. விமானத்தில் வெங்காயம் இறக்கினார்கள். டெல்லிக்கு வந்த அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயமில்லாமல் சமைக்கச் சொல்லிவிட்டேன், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சிரித்துக்கொண்டே இடித்துக் காட்டினார். திருந்தினார்களா? 2020 செப்டம்பரில் மறுபடியும் தடை. 2023 டிசம்பரில் மறுபடியும் தடை. 2024 மே மாதம்தான் நீக்கினார்கள்.

2023-ல் தடை வந்ததும் நாசிக் வட்டாரத்தில் விலை சரிந்தது. ஏலம் நின்றது. விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் டாக்காவில் கூலித் தொழிலாளி வெங்காயம் வாங்க முடியாமல் திண்டாடினான். விளைவித்தவனுக்கும் நட்டம், தின்கிறவனுக்கும் நட்டம். லாபம் பதுக்கிவைத்தவனுக்கு!

திறந்தால் என்ன நடக்கிறது?

இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998-ல் கையெழுத்தாகி 2000-ல் அமலுக்கு வந்தது. அதன்படி வருசத்துக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியில்லாமல் இங்கே வரலாம். இலங்கை விவசாயி விளைவித்தது வந்தால் நமக்குச் சண்டையில்லை. ஆனால் வியட்நாம் மிளகு கொழும்புக்குப் போய், இலங்கைச் சான்றிதழை ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது என்று குடகு, வயநாடு மிளகு விவசாயிகள் வருசக்கணக்காகக் கத்தினார்கள். விலை பாதாளத்துக்குப் போன பிறகுதான், 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு இறக்குமதி ஆகக்கூடாது என்று உத்தரவு வந்தது. வீடு எரிந்தபிறகு கிணறு வெட்டினார்கள்!

கவனியுங்கள். கதவைத் திறப்பதும் அவர்கள் இஷ்டம், மூடுவதும் அவர்கள் இஷ்டம். இரண்டிலும் அடிபடுவது விவசாயி. அவனிடம் யாரு கேட்டா?

கூட்டமே போடாத கூட்டமைப்பு

எட்டு நாட்டுத் தலைவர்களும் வருசா வருசம் கூட வேண்டும் என்பது சார்க் சாசனம். கடைசியாகக் கூடியது 2014 நவம்பரில், காட்மாண்டுவில். அது 18-வது மாநாடு. 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய 19-வது மாநாடு உரி தாக்குதலுக்குப் பிறகு நின்றுபோச்சு. பத்து வருசத்துக்கு மேலாக மாநாடே இல்லை.

பயங்கரவாதத்தைக் கண்டிக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்கான தண்டனையைச் சம்சாரிக்கு ஏன் கொடுக்கிறாய்? 2019 பிப்ரவரியில் புல்வாமாவுக்குப் பிறகு பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத வரி. அதே ஆகஸ்டில் பாகிஸ்தான் வர்த்தகத்தையே நிறுத்தியது. 2025 ஏப்ரலில் பஹல்காம் கொடூரத்துக்குப் பிறகு அட்டாரி சோதனைச்சாவடியே மூடப்பட்டது. பட்டினி கிடந்த ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தருவதாக 2021 அக்டோபரில் இந்தியா சொன்னது. பாகிஸ்தான் வழியாகப் போக அனுமதி பேசிப் பேசி, முதல் லாரிகள் கிளம்பியது 2022 பிப்ரவரியில்! பசி நாலு மாசம் காத்திருக்குமா?

தெற்காசிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2006-லிருந்து அமலில் இருக்கிறது. பலன்? இந்த நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது நூற்றுக்கு ஐந்து அளவுதான். ஆசியான் நாடுகளிலோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

காகிதத்தில் தானியக் கிடங்கு

1988-லேயே சார்க் உணவுப் பாதுகாப்புக் கையிருப்பு என்று ஒன்றை அமைத்தார்கள். பயன்படுத்தவே இல்லை. அதை மாற்றி 2007-ல் டெல்லி மாநாட்டில் சார்க் உணவு வங்கி என்று கையெழுத்துப் போட்டார்கள். 2,41,580 டன் அரிசியும் கோதுமையும் என்று பங்கு பிரித்தார்கள். தானியம் அந்தந்த நாட்டுக் கிடங்கிலேயே இருக்கும். கேட்கிற நாடும் கொடுக்கிற நாடும் விலை பேசி முடிக்கணும். பஞ்ச காலத்தில் பேரம்!

2021-ல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. விவசாயியைக் கேட்கவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனால் உரம் வாங்க டாலர் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த நேரத்தில் இந்தியாவின் கடனுதவியில் 65,000 டன் யூரியா போனது. தமிழ்நாடு 40,000 டன் அரிசி அறிவித்து, மே மாதமே முதல் கப்பலை அனுப்பியது. நம்ம மண்ணின் அரிசி போனதில் நமக்குப் பெருமைதான். ஆனால் எட்டு நாடும் சேர்ந்து போட்ட உணவு வங்கி எங்கே போச்சு? நல்ல மனசு இருந்தால் உதவி, இல்லாவிட்டால் பட்டினி என்பது ஏற்பாடு ஆகுமா?

"சார்க்கைக் கைகழுவிவிட்டு வேறு கூட்டணி பார்ப்போம்" என்கிறார்கள். எந்தக் கூட்டணியாக இருந்தாலும் விவசாயிக்கு நாற்காலி இல்லையென்றால் கதை இதேதான்! பக்கத்து நாட்டு விவசாயி நம்ம எதிரி இல்லை. அவனும் நம்மைப் போல உரக்கடையில் கடன் சொல்லி நிற்கிறவன்தான்.

எங்கள் கோரிக்கைகள்:

1. உச்சி மாநாடு கூடாவிட்டாலும், சார்க் விவசாய அமைச்சர்கள் வருசம் ஒருமுறை கண்டிப்பாகக் கூட வேண்டும்.

2. முன்னறிவிப்பு இல்லாமல் ஏற்றுமதித் தடை போடாதே! தடை போட்டால் விவசாயியின் நட்டத்தை அரசே கட்டு!

3. உணவு வங்கிக்கு உண்மையான கிடங்கு கட்டு! அதற்கான தானியத்தை விவசாயியிடம் கட்டுப்படியான விலையில் நேரடியாக வாங்கு! பேரிடர் வந்தால் பேரமில்லாமல் திற!

4. மூன்றாம் நாட்டுச் சரக்கு பொய்ச் சான்றிதழில் நுழைவதைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்து!

5. எட்டு நாடும் சேர்ந்து மொத்தமாக உரம் வாங்கு! தனித்தனியாகப் போய் ஏமாறாதே!

6. எந்த வர்த்தக ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன்னால் தமிழில் வெளியிடு! விவசாயிகள் சங்கங்களைக் கேள்!

கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். வட்டாட்சியர் அலுவலகங்கள் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாரீர்! பச்சைத் துண்டோடு திரண்டு வாரீர்!

எல்லை பிரிக்கலாம், ஏர் பிரிக்க முடியாது!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம்