47,500 ரூபாய் மலிவா?

மாருதி 800 வந்த 1983-இல் வாழ்க்கை மலிவாக இருந்தது, நடுத்தரக் குடும்பம் நிம்மதியாகக் கார் வாங்கியது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரின் விலை சுமார் 47,500 ரூபாய். அன்று இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 3,000 ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஒரு பைசா செலவில்லாமல் சேர்த்தாலும் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும்! இன்று ஐந்து லட்சம் ரூபாய்க்கு வரும் சிறிய காரின் விலை, மூன்று ஆண்டு சராசரி வருமானத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அன்று மாருதியின் முன்பதிவுக்கே 10,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு ரொக்கம் எந்த குமாஸ்தா வீட்டில் இருந்தது? வங்கியில் கார் கடன் கிடைப்பதும் இன்றுபோல் எளிதாக இருக்கவில்லை. பணம் கட்டியவர்களும் குலுக்கலில் பெயர் வரக் காத்திருந்தார்கள். தொலைபேசிக்கும் சமையல் எரிவாயு இணைப்புக்கும்கூட ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

அரிசி, பருப்பு விலையை மட்டும் எடுத்துக்காட்டி, சம்பளத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமே அல்ல. அன்று மாதக் கடைசியில் கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்திய பெண்களிடம் கேளுங்கள். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக என்ன மிஞ்சியது என்று அவர்கள் கணக்குச் சொல்வார்கள்.