சாமிக்குக் காமிரா ஆகாதாம்!

நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரம் கோவிலுக்குச் சட்டைப்பை அளவுக் காமிராவோடு போகும் பிரயாணி, கோபுரத்தை வெளியே நின்று எவ்வளவு படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். உள்ளே எடுத்தால் மாத்திரம் புனிதம் கெட்டுவிடுமாம்! 2022-ல் சென்னை ஐகோர்ட்டும் புனிதத்தின் பேராலேயே கோவில்களில் கைப்பேசியைத் தடுக்கச் சொல்லிற்று.

இந்தப் புனிதம் நமக்குப் புதிதல்ல. இக்கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க “கீழ்ஜாதி”யார் 1926-ல் சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்ததும் அதனால்தான். 1936-ல் திருவிதாங்கூர் மன்னர் கோவிலையே திறந்துவிட்டார். சாமி ஓடிப்போய்விட்டதா? உண்டியல்தான் குறைந்ததா?

அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் நடராஜரைத் திருடர்கள் தூக்கிப் போனபோது, அந்தச் சர்வவல்லமையுள்ள கடவுள் ஒரு கூச்சல்கூடப் போடவில்லை. ஆஸ்திரேலியாவில் காட்சிப் பொருளாய் நின்றவரை இன்னாரென்று காட்டிக்கொடுத்து, 2014-ல் இந்தியாவுக்குத் திரும்ப வழி செய்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பழைய போட்டோதான்! அவருக்குத் துணை நின்றது மந்திரமா, காமிராவா என்று கேட்கின்றோம்.

சுசீந்திரத்து இசைத்தூண்களைச் செதுக்கியது கல்தச்சன் உளி, சாமியல்ல. அத்தொழிலாளியின் திறமையை அவன் சந்ததியார் படமெடுத்துப் போவதில் யாருக்கு என்ன நஷ்டம்? கூட்டத்துக்கு இடைஞ்சலென்றால் அறநிலையத் துறையார் அதற்கென ஒரு நேரத்தை ஒதுக்கி, தூணுக்கும் சிலைக்கும் தடையை எடுத்துவிடட்டும்.