மந்திரவாதியின் ஏடும் நகலெடுக்கும் உரிமையும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் விஸார்ட் எனப்படும் மந்திரவாதி புதிய மந்திரம் கற்பதற்கான விதி பல மேசைகளில் எளிதில் கைவிடப்படுகிறது. மணிக்கணக்கும் காசுக்கணக்கும் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆய்வு மாணவர்களாவது அவ்விதியைக் கைவிடலாகாது. அறிவு எங்கிருந்து வருகிறது, அதைப் பெற யார் என்ன விலை கொடுக்கிறார் என்ற கேள்வியை இவ்வளவு நேராக எழுப்பும் விதி அந்த ஆட்டத்தில் வேறில்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் உருவாக்கிய இவ்வாட்டம், ஜாக் வான்ஸின் ‘டையிங் எர்த்’ (1950) கதைகளிலிருந்து ஒரு கருத்தைப் பெற்றுக்கொண்டது. மந்திரம் நூலில் உறைகிறது; மந்திரவாதி அதை மனத்தில் ஏற்றுகிறார்; ஏவியதும் அது நினைவிலிருந்து அகன்றுவிடுகிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு மறதியைத் தளர்த்தியதே தவிர நூலை விடவில்லை. தொடக்கத்தில் மந்திரவாதியின் ஏட்டில் ஆறு மந்திரங்கள் இருக்கும். பாத்திரத்தின் படிநிலை உயரும்போதெல்லாம் சொந்த ஆராய்ச்சியின் பயனாக இரண்டு சேரும். இருபதாம் படிநிலையை எட்டும்போது அவை 44 ஆகும். அதற்கு மேல் வேண்டுவோர் பிறருடைய ஏட்டையோ சுருளையோ தேடிச் சென்று படியெடுக்க வேண்டும். மந்திரத்தின் ஒவ்வொரு தரத்துக்கும் 2 மணி நேரமும் 50 பொற்காசும் செலவாகும். மூன்றாம் தர மந்திரமான ஃபயர்பாலுக்கு 6 மணி நேரம், 150 பொற்காசு. அதே மந்திரத்தைத் தம் ஏட்டிலிருந்து தம் மற்றோர் ஏட்டுக்கு மாற்றினால் 3 மணி நேரமும் 30 காசும் போதும்.

இந்த வேறுபாட்டுக்கு விதிநூல் தரும் விளக்கம் நுட்பமானது. ஒவ்வொரு மந்திரவாதிக்கும் தனித்த குறியீட்டு முறை உண்டு. பிறர் எழுதியதை முதலில் அவிழ்க்க வேண்டும். செய்து பார்க்க வேண்டும். பிறகே தம் குறியீட்டில் எழுத முடியும். தமிழ் மாணவருக்கு இது புதிய செய்தியன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இராது; எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவால் வேறுபடா. பொருள் அறிந்தவரே பிழையின்றிப் படியெடுக்க முடியும். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவி, தம்மிடமிருந்த கையெழுத்துப்படியையும் உ.வே. சாமிநாதையருக்குத் தந்தார். எழுத்தை வாசித்தும் சமணக் கருத்துகள் விளங்காதபோது ஐயர் அவ்வூர்ச் சமணர்களை நாடினார். அந்நூல் அச்சேறியது 1887இல். ஏடு கைக்கு வருவதற்கும் நூல் வசப்படுவதற்கும் இடைப்பட்ட காலம் அது. விதிநூல் அதை மணி நேரங்களாகச் சுருக்கியிருக்கிறது.

புணே நகரமே இதற்கு இன்னொரு சான்று. பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுசெய்த மகாபாரதச் செம்பதிப்புக்காக 1,259 கையெழுத்துப்படிகள் ஒப்புநோக்கப்பட்டன. பெயர் தெரியாத எத்தனையோ எழுத்தர்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு எழுத்துகளில் படியெடுத்து வைத்ததாலேயே அப்பணி இயன்றது. 2004 ஜனவரி 5 அன்று அதே நிறுவனம் ஒரு கும்பலால் சூறையாடப்பட்டது. ஏட்டை இழந்த மந்திரவாதி, அன்று மனத்தில் ஆயத்தமாக வைத்திருக்கும் மந்திரங்களை மட்டுமே மீண்டும் எழுத முடியும் என்று விதி சொல்கிறது. ஆகவே இரண்டாம் படி எழுதி வைப்பது காசு விரயமன்று.

விதியில் இன்னொரு பகுதி கூடுதல் கவனத்துக்குரியது. சுருளிலிருந்து படியெடுத்தால், முயற்சி வென்றாலும் தோற்றாலும் சுருள் அழிந்துபோகும். மற்றொரு மந்திரவாதியின் ஏட்டிலிருந்து படியெடுத்தால் மூல ஏட்டுக்கு ஒரு குறையும் நேராது. எனவே ஏட்டைப் பூட்டி வைப்பவர் எதை இழக்க அஞ்சுகிறார் என்று கேட்க இடமுண்டு. இக்கேள்வி 2012இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்று பாடத்தொகுப்புகளைப் படியெடுத்து விற்றதை எதிர்த்து மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காக அவ்வாறு படியெடுப்பது பதிப்புரிமை மீறலாகாது என்று 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் சில கேள்விகள் மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டன. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

எனினும் பூட்டு முழுதும் திறந்துவிடவில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 6,000 கோடி ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறக்கிறது. அது அரசு நிர்வகிக்கும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு உரியது. புணேயின் கோந்த்வா போன்ற புறநகர்களில் தனியார் கல்லூரிகளிலும் தனியார் பல்கலைக்கழகத்திலும் பயிலும் மாணவர் அந்த வாயிலுக்கு வெளியே நிற்கிறார். ஆட்டத்தின் மொழியில் சொன்னால், படிநிலைக்கு இரண்டு மந்திரம் என்ற அளவே அவருக்கு வாய்க்கிறது.

விதியை எதிர்ப்போர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. நடத்துநர் பிறர் ஏடு எதையும் கதையில் வைக்காவிட்டால் படியெடுக்கும் விதி வெற்றுக் கணக்காகவே எஞ்சும். அதற்குத் தீர்வு விதியை நீக்குவதன்று, ஏடுகளை வைப்பது. பூட்டிய நூலகம், படியெடுக்கக் கட்டணம் கேட்கும் மடம், மாற்றாக ஒரு மந்திரம் கோரும் போட்டியாளர், ஏட்டைத் தடையின்றித் தரும் கிழவி எனப் பலரை மந்திரவாதி சந்திக்கட்டும். சோர்சரருக்கு ஆற்றல் பிறவியில் வருகிறது. வார்லாக்குக்கு ஒப்பந்தத்தில் வருகிறது. மந்திரவாதிக்கு மட்டும் அது இன்னொருவர் எழுதி வைத்ததிலிருந்து வருகிறது. அந்த இன்னொருவரை ஆட்டத்திலிருந்து அகற்றிவிட்டால் மந்திரவாதிக்கும் சோர்சரருக்கும் பெயரளவு வேற்றுமையே மிஞ்சும்.